தூணுக்குப் பின்னால் நின்றவர்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் குருவியும் எப்படி இருக்கிறீர்கள்? "நலம்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிடாதீர்கள். சாப்பிடுகிறீர்களா, குருவி பள்ளிக்கூடம் போகிறாளா, அதை எழுதுங்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கப்பலின் எஞ்சின் அறையில் வேலை செய்கிறவனுக்கு அழவும் இடம் உண்டு. அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது.

அண்ணனை அடக்கம் செய்த பிறகுதான் எனக்குத் தந்தி கிடைத்தது. துறைமுக அலுவலகத்தில் நின்றபடியே படித்தேன். கொடுத்த ஆள், "நல்ல சேதியா சார்?" என்றான். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

நாடகக் குழுவின் விளக்குக்காரர் எனக்கு நாலு வரி எழுதியிருந்தார். மூன்றாம் அங்கத்தில் அண்ணனும் கூட நடித்த வெண்கலமும் மோதிக்கொண்டார்களாம். வெண்கலம் நின்றாராம், அண்ணன் விழுந்தாராம். அண்ணி, இருபது வருடமாக ஒரே மேடையில் நடிக்கிற இருவர் எதற்காக மோத வேண்டும்? நீங்கள் மேடை ஓரத்தில்தானே இருந்திருப்பீர்கள். யார் எங்கே நின்றார்கள் என்று எழுதுங்கள்.

குருவிக்கு என் முத்தம்.

உங்கள் தம்பி

---

பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறோம். குருவி பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு நாலு நாள் காய்ச்சல், இப்போது இல்லை. எனக்குக் கண் எரிச்சல் மட்டும். ஊசி கோர்க்க குருவியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அங்கே வெயில் எப்படி? தண்ணீர் காய்ச்சிக் குடியுங்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். மேடை நடுவில் உள்ள பொறிக்கதவு திறந்துகொண்டது. கடைசி அங்கத்தில் பாலம் இடியும் காட்சிக்காக வைத்திருக்கும் கதவு. அந்தக் காட்சிக்கு முன்புதான் கீழே மெத்தை விரிப்பார்கள். மூன்றாம் அங்கத்தில் மெத்தை இல்லை, இரும்புச் சட்டங்கள்தான் கிடந்தன. கால் தவறிவிட்டது. விசாரணைக்கு வந்தவர்களும் விபத்து என்றுதான் எழுதிக்கொண்டு போனார்கள்.

கதவின் அடியில் தாழ்க்கம்பியை மாட்டாமல் விட்டார் என்று மேடைத் தச்சரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வயதான மனிதர். போகும்போது என்னிடம் வந்து நின்றார்.

செப்டம்பரில் உங்கள் அண்ணன் நினைவாக அதே நாடகத்தைப் போடப்போகிறார்களாம். எனக்கு உடுப்புகளைப் பழுது பார்க்கும் வேலை இருக்கிறது. வேலை இருப்பது நல்லதுதான்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அண்ணி

---

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

குருவியின் காய்ச்சல் திரும்ப வரவில்லையே? உங்கள் கண்ணை வைத்தியரிடம் காட்டினீர்களா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், தூக்கம் மட்டும் குறைவு.

அண்ணன் எனக்குக் கொடுத்திருந்த அதே 'உப்புக்கோட்டை' நாடகத்தின் பிரதியை இங்கே உட்கார்ந்து முதல்முறையாக வாசித்தேன். சிறு வயதில் மேடை ஓரத்தில் நின்று பார்த்தபோது வாள்சண்டை மட்டும்தான் மனதில் நின்றது. இப்போதுதான் கதை பிடிபடுகிறது. கோட்டைத் தலைவனை அவன் கூட்டாளியே மதில்மேலிருந்து தள்ளிக் கொல்கிறான். தலைவனின் மகன் பழி வாங்குவதாகச் சபதம் போடுகிறான். போட்டுவிட்டு என்ன செய்கிறான்? சாட்சி வேண்டும் என்கிறான், சமயம் வரட்டும் என்கிறான். கடைசியில் கொலைகாரனை மடக்க உப்புக் கிடங்குக்குத் தீ வைக்கிறான். கொலைகாரன் தப்பிவிடுகிறான். உள்ளே படுத்திருந்த ஓடக்காரன் கருகிச் சாகிறான். ஒரு பாவமும் அறியாத மனிதன்.

அப்புறம் ஓடக்காரன் மகன் வருகிறான். அவனும் தகப்பனை இழந்தவன்தான். ஆனால் அவன் சாட்சி கேட்கவில்லை. மேடை நடுவில் நின்று, "என் அப்பனை எரித்தவன் நாளை விடியலைப் பார்க்க மாட்டான்" என்று ஒரே மூச்சில் சொல்கிறான். தலைவன் மகன் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அதைக் கேட்கிறான். ஒருவன் வெளிச்சத்தில், ஒருவன் இருட்டில். அண்ணி, எனக்கு ஓடக்காரன் மகனைத்தான் பிடித்திருக்கிறது.

அண்ணனோ மற்றவன் ஜாதி, தலைவன் மகன் ஜாதி. அப்பா ஒப்பனை அறையில் நெஞ்சு வலித்துச் செத்தபோது கதவு வெளியே தாழிடப்பட்டிருந்தது. அதற்குச் சற்று முன்னால் அவரோடு கத்திச் சண்டை போட்டுவிட்டுப் போனவர் வெண்கலம். ஊருக்கே தெரியும். நான் அப்போதே கேட்டேன். அண்ணன், "யார் போட்டான்னு யார்ரா பார்த்தா?" என்றார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அண்ணன் பொறுத்தார், பூமிக்குள் போனார்.

தாழ்க்கம்பியைத் தச்சர் மறந்தார் என்று நீங்கள் நம்புகிறீர்களா? அப்பாவுக்கு ஒரு தாழ்ப்பாளைப் போட்டவர், அண்ணனுக்கு ஒரு தாழ்ப்பாளை எடுத்திருக்க மாட்டாரா?

பதில் எழுதுங்கள்.

தம்பி

---

ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். கண்ணுக்கு மருந்து போடுகிறேன், இப்போது பரவாயில்லை. குருவி ஒரு பல்லை இழந்துவிட்டு ராஜாபோல நடக்கிறாள். உங்களுக்குத் தூக்கம் வந்ததா?

நான் படித்தவள் இல்லை. நாடகத்தின் அந்த இரண்டு மகன்களையும் உடுப்பை வைத்துத்தான் எனக்குத் தெரியும். தலைவன் மகனின் அங்கிக்குக் கழுத்திலிருந்து முழங்கால்வரை பொத்தான்கள். போட்டுக் கழற்றுவதற்குள் மனம் மாறிவிடும். ஓடக்காரன் மகனுக்கு ஒரு சட்டை, இடுப்பில் ஒரு கயிறு, அவ்வளவுதான். உங்கள் அண்ணனும் வெண்கலமும் வேடத்தை நாள் மாற்றி நாள் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். அதனால் இரண்டு உடுப்பையும் இரண்டு உடம்புக்கும் பொருந்துகிற மாதிரி தைத்து வைத்திருக்கிறேன். உள்தையலைப் பார்த்தால் நான் பட்ட பாடு தெரியும்.

ஒருமுறை உங்கள் அண்ணனிடம், "ரெண்டுல எது உங்களுக்குப் பிடிச்ச வேஷம்?" என்று கேட்டேன். முகத்தில் பாதிச் சாயத்தோடு உட்கார்ந்திருந்தார். "ஓடக்காரன் மகனா நடிக்கிற அன்னைக்கு வீட்டுக்கு வந்தா நல்லாத் தூங்குறேன். தலைவன் மகனா நடிச்சா அவன் என்கூடவே வீட்டுக்கு வந்துடுறான்" என்றார். இன்னொரு நாள் சொன்னார்: "ரெண்டு பேரும் தேடுறது ஒரே ஆளத்தான். தன்னைவிடக் கெட்டவன் ஒருத்தன. அவன் கிடைச்சாத்தான் இவனுக்கு நிம்மதி."

வெண்கலம் வாரம் ஒருமுறை வந்து குருவிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். வாசல் அறையில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த குரல் முன்பு தெருக்கோடிக்குக் கேட்கும். இப்போது அடுத்த அறைக்கே கேட்பதில்லை.

எஞ்சின் சூட்டில் நிற்கிறீர்கள். மோர்போல ஏதாவது குளிர்ச்சியாகக் குடியுங்கள்.

அண்ணி

---

மே 22

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் குருவியும் நலம் என்று நம்புகிறேன். நான் நலம்.

பொத்தானைப் பற்றி எழுதினீர்கள், கயிற்றைப் பற்றி எழுதினீர்கள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. தாழ்க்கம்பியை எடுத்தது யார்? அந்த மனிதரை வீட்டுக்குள் விடுகிறீர்கள். அவரிடம் குருவி பாடம் படிக்கிறாள்!

சரி, இனி நானே வருகிறேன். ஆகஸ்டில் எனக்கு விடுப்பு. குழுவின் மேலாளருக்கு எழுதிவிட்டேன். நினைவு நாடகத்தில் அண்ணனுக்குப் பதிலாகத் தலைவன் மகன் வேடத்தை நான் போடுகிறேன். எதிரில் வெண்கலமே நடிக்கட்டும். "தம்பியே நடித்தால் பொருத்தம்தான்" என்று மேலாளர் சம்மதித்துவிட்டார். வசனம் முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது. கொதிகலன் முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்கிறார்கள். மீசை, தாடி இரண்டையும் எடுத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் அண்ணன் நிற்கிறார்.

என் அளவுகள் இத்துடன். அங்கியைச் சரி செய்து வையுங்கள். இடது பக்கம் உள்ளே ஒரு நீளமான பை வேண்டும்.

தம்பி

---

ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். குருவி நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை.

வர வேண்டாம். வீட்டுக்கு வாருங்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள். மேடைக்கு வேண்டாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொன்னால் என்மேல் கோபப்படுவீர்கள். கோபப்படுங்கள், ஆனால் வர வேண்டாம்.

உள்ளே எதற்குத் தம்பி பை?

அண்ணி

---

ஜூன் 29

அண்ணிக்கு,

நலம் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் புறப்படும் அவசரத்தில் எழுதுகிறேன்.

விடுப்புச் சீட்டில் கையெழுத்தாகிவிட்டது. மூன்றாம் அங்கத்தில் அவர் நடுவில் நிற்பார். நான் தூணுக்குப் பின்னால் நிற்பேன். நாடகத்தில் தலைவன் மகன் அங்கே சும்மா நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் நிற்கமாட்டேன். இந்தமுறை நாடகம் மூன்றாம் அங்கத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

குருவிக்கு ஒரு பொம்மை வாங்கியிருக்கிறேன். தனியாக அனுப்புகிறேன்.

தம்பி

---

ஜூலை 12

தம்பி,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. இதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

தாழ்க்கம்பியை எடுத்தது உங்கள் அண்ணன்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை மாதம் பொத்தானையும் கயிற்றையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

அது பகல் காட்சி. அன்று வெண்கலத்துக்கு ஓடக்காரன் மகன் வேடம், உங்கள் அண்ணனுக்குத் தலைவன் மகன். காலையிலிருந்தே அவர் யாரோடும் பேசவில்லை. நடிக்கிற நாளில் அது வழக்கம்தான், நான் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் அங்கம் ஆரம்பித்தபோது நான் இடதுபக்க ஓரத்தில், கிழிந்த ஒரு தோள்பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெண்கலம் பேசிக்கொண்டே நடுவுக்கு வருகிறார். உங்கள் அண்ணன் தூணுக்குப் பின்னால். பார்வையாளர்களுக்கு அவர் முகம் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

தம்பி, அந்த முகம் நடிக்கிற முகம் இல்லை. அவர் வெண்கலத்தின் முகத்தைப் பார்க்கவே இல்லை. வெண்கலத்தின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேர்த்து, சாயம் கழுத்துவரை வழிந்திருந்தது. எதையோ சொல்ல வாய் திறந்து திறந்து மூடினார். திடீரென்று, "விலகுடா!" என்று கத்திக்கொண்டு ஓடினார். நாடகத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது. வெண்கலத்தைப் பக்கவாட்டில் தள்ளினார். ஓடி வந்த வேகத்தில் அவரால் நிற்க முடியவில்லை. கதவு திறந்தது. ஆளைக் காணோம். கீழே இரும்புச் சத்தம் மட்டும்.

ஜனங்கள் கை தட்டினார்கள். அதுவும் நாடகம் என்று நினைத்துக்கொண்டு. அந்தச் சத்தம் இன்னும் என் காதிலேயே நிற்கிறது.

மறுநாள் அவர் அங்கியை என்னிடம் கொடுத்தார்கள். ரத்தத்தை அலசுவதற்கு முன் பைகளைத் துழாவினேன், உடுப்புக்காரியின் பழக்கம். உள்பையில் தாழ்க்கம்பி இருந்தது. என் முழங்கை நீளம், எண்ணெய்ப் பிசுக்கோடு. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. குருவி வந்து, "அம்மா, அடுப்புல சோறு தீயுது" என்றாள்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் நான் சொல்லவில்லை. வெண்கலத்திடமும் சொல்லவில்லை. குருவியின் அப்பா ஒரு நல்ல நடிகர், கால் தவறி விழுந்தார் என்று ஊர் சொல்கிறது. அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். இப்போது நீங்கள் அங்கியில் கத்தி வைக்கப் பை கேட்கிறீர்கள். செத்தவரின் பெயரைக் காப்பாற்ற உயிரோடிருக்கிற இருவரை என்னால் கொடுக்க முடியாது.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவில்லை. ஏன் ஓடினார் என்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அண்ணி

---

ஜூலை 30

உங்கள் கடிதத்தை எஞ்சின் அறையில் வைத்துப் படித்தேன். கிழித்துக் கடலில் போட்டேன்.

என் அண்ணன் ஒரு கோழியின் கழுத்தைத் திருகச் சொன்னால்கூட எழுந்து போகிறவர். அவரா? நன்றாகக் கதை கட்டியிருக்கிறீர்கள், அண்ணி. வாரா வாரம் வீட்டுக்கு வருகிறவரைக் காப்பாற்ற ஒரு பெண் இவ்வளவு தூரம் போவாளா என்று இப்போதுதான் தெரிகிறது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. ஊர் என்ன பேசுகிறது என்று நான் இனிமேல்தான் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் நடுவில் வருகிறேன். நாடகம்வரை காத்திருக்கப் போவதில்லை.

---

ஆகஸ்ட் 8

தம்பிக்கு,

குருவி நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

நான் பார்த்தது வெண்கலத்துக்குத் தெரியாது. அவருக்கு என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியாது. இதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. போய் அவரையே கேளுங்கள். கையில் ஒன்றும் இல்லாமல் கேளுங்கள்.

அங்கியில் நான் பை வைக்கவில்லை, இருந்ததையும் பிரித்துவிட்டேன்.

அண்ணி

---

ஆகஸ்ட் 21

அண்ணிக்கு,

எந்த முகத்தோடு உங்கள் நலத்தைக் கேட்பது? இருந்தாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

நான் ஊருக்கு வந்தேன். உங்கள் தெருவரை வரவில்லை. இதைத் துறைமுகத்து விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை மறுபடி கப்பல் ஏறுகிறேன்.

பேருந்து நிலையத்திலிருந்து நேராக வெண்கலம் வீட்டுக்குத்தான் போனேன். நல்ல வெயில். தோள்பையில் கத்தி இருந்தது. கதவைத் தட்டினேன். திறந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை, கையில் தண்ணீர்க் குவளை. என்னை அவர் கடைசியாகப் பார்த்தபோது மீசையும் தாடியுமாக இருந்தேன். இப்போது அண்ணன் ஜாடை அப்படியே. குவளை கீழே விழுந்து உருண்டது. அவர் சுவரோடு சுவராகப் பின்னால் போனார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் பேசினார்.

"இன்னும் எதுக்குடா வர்றே? நான்தான் யார்கிட்டயும் சொல்லலியே. கால் தவறிடுச்சுன்னுதானே போலீஸ்ல சொன்னேன். கம்பிய நீ எடுத்தேன்னு உன் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாதுடா. சத்தியமா அவங்களுக்குத் தெரியாது. புள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறேன். வேற என்னடா செய்யணும், சொல்லு!"

அண்ணி, ஆவி வந்து பழி வாங்கச் சொல்லும் என்று கதைகளில் கேட்டிருக்கிறேன். உயிரோடிருக்கிற மனிதர் ஒரு ஆவியைப் பார்த்து, உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லையே என்று கெஞ்சுவதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். அவரோ, உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு உங்களுக்காகவும் மறைத்திருக்கிறார். நீங்களோ அவரிடமும் மறைத்திருக்கிறீர்கள். உங்கள் இருவரைப் பற்றி நான் எழுதிய வரிகளை நினைத்தேன்.

"நான் அவர் இல்ல. தம்பி" என்றேன்.

அவர் அப்படியே தரையில் சரிந்தார். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நுரை காய்ந்த முகத்தோடு குடித்தார். தோள்பையை நான் கழற்றவுமில்லை, திறக்கவுமில்லை.

பிறகு சொன்னார். அப்பாவின் அறைக் கதவைத் தாழிட்டது அவர்தான். "உங்கப்பா என்னை நடிக்கத் தெரியாதவன்னு சொல்லிட்டாரு. கோவத்துல, கிடந்து கத்தட்டும்னு தாழ்ப்பாளப் போட்டுட்டுப் போயிட்டேன். டீ குடிச்சிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நெஞ்சு வலின்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னா ஆச்சா?" இதை இத்தனை வருடம் மென்று விழுங்கிவிட்டு, அண்ணன் விழுவதற்கு முந்தின வாரம், அவராகவே அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் கேட்டுவிட்டு டம்ளரில் இருந்த மீதி டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனாராம்.

"அன்னிக்கு மேடையில உங்கண்ணன் தள்ளின வேகத்துல நான் ஓரமாத் தள்ளாடிப் போய் நின்னேன். திரும்பிப் பார்த்தா பள்ளம். அப்பவே புரிஞ்சுபோச்சு, அது எனக்கு வெட்டினதுன்னு. என்னைக் கொல்ல நினைச்சவனும் அவன்தான், காப்பாத்தினவனும் அவன்தான். நான் யார்கிட்டப் போய் என்னன்னு சொல்றது?"

நான் எழுந்துவிட்டேன். வாசலில் நின்று, "உங்களை மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றேன். "வேணாம்" என்றார்.

உங்களிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பை எழுத்தில் கேட்டால் அது சின்னதாகிவிடும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் செய்தது நம் மூன்று பேரோடு போகட்டும். அவர் பெயர் மேடையில் இருக்கட்டும். குருவிக்குத் தெரிய வேண்டாம்.

தம்பி

---

செப்டம்பர் 25

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கண் தெளிந்துவிட்டது. குருவியைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? தூங்குகிறீர்களா? ஊர்வரை வந்தவர் வீட்டுக்கு வராமல் போனீர்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம். மற்றதற்கு இல்லை.

நீங்கள் கேட்டதை என்னால் செய்ய முடியவில்லை. மூன்று பேரோடு போகட்டும் என்றீர்கள். நாலாவதாக ஒருவர் இருக்கிறார். மேடைத் தச்சரை நீங்களும் மறந்துவிட்டீர்கள், நானும் மறக்கப் பார்த்தேன்.

உங்கள் கடிதம் வந்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு முக்காலிக்குக் கால் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுக்கிற சில்லறை வேலை. நான் தாழ்க்கம்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எங்கே கிடைத்தது என்று சொன்னேன். அவர் அதை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் மாட்டியிருக்கேன்" என்றார். "மாட்டினேன் மாட்டினேன்னு மொதல்ல எல்லார்கிட்டயும் சொன்னேம்மா. யாரும் நம்பல. அப்புறம் நானும் நம்பல. தூங்கினா கனவுல அதை மாட்டிக்கிட்டே இருப்பேன், மாட்டவே முடியாது." அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நினைவு நாடகத்தன்று காலை, ஒத்திகைக்கு எல்லோரும் கூடியிருந்தபோது மேடை நடுவில் நின்று சொன்னேன். கம்பியைக் காட்டினேன். வெண்கலம் எழுந்து தன் பங்கைச் சொன்னார், அப்பாவின் கதவையும் சேர்த்து. விளக்குக்காரர் ஏணியில் நின்ற நிலையிலேயே நின்றார். மேலாளர், "ஏம்மா, இதை இன்னிக்குத்தான் சொல்லணுமா?" என்றார். அன்று நாடகம் நடக்கவில்லை. விசாரணை அலுவலகத்திலும் நாங்கள் இருவரும் எழுதிக் கொடுத்துவிட்டோம். என்னை என்ன செய்வார்கள் என்று இன்னும் தெரியவில்லை. தச்சரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருவதா வேண்டாமா என்று அவர்தான் யோசிக்கிறார்.

கொட்டகைச் சுவரில் இருந்த உங்கள் அண்ணன் படத்தைக் கழற்றிவிட்டார்கள்.

அன்று குருவியும் அங்கே இருந்தாள். அவள் முன்னால் சொல்ல வேண்டாம் என்றுதான் பள்ளிக்கு அனுப்பினேன். அப்பா நினைவு நாடகம் என்று பாதியிலேயே ஓடி வந்து, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பேசி முடித்த பிறகுதான் பார்த்தேன். தம்பி, என் உயிர் என்னிடம் இல்லை.

ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டால் சாப்பிட்டாள். வெண்கலம் வந்தபோது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை.

நேற்று உடுப்புகளை எடுத்து வரக் கொட்டகைக்குப் போனேன். கூடவே வந்தாள். மேடையில் ஒருவரும் இல்லை. நான் மடித்துக்கொண்டிருந்தபோது பலகையில் தடதடவென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். குருவி அந்தத் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கிருந்து நடுமேடைவரை ஓடினாள். திரும்பிப் போய் நின்றாள், மறுபடி ஓடினாள். எத்தனை தடவையோ. மூச்சு வாங்க என்னிடம் வந்தாள்.

"ரொம்ப தூரம்மா" என்றாள். "பாதி வழியில நின்னிருக்கலாம்."

கையிலிருந்த உடுப்பைக் கீழே வைத்தேன்.

"அப்பா நிக்கலியே" என்றாள்.

அண்ணி